மண்பானையில் பிழைத்த சுவடிகள்

பழைய புஸ்தகங்களை என்ன செய்வது என்பது வீட்டுக்கு வீடு உள்ள சங்கடம். கதைப் புஸ்தகமானால் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டு விடலாம். அட்டை பிய்ந்து, செல்லரித்து, பக்கம் பக்கமாகக் கழன்று வரும் ராமாயணத்தை என்ன செய்வது? தராசில் வைக்க மனம் வராது. அடுப்பில் போடக் கை வராது. காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக் கொள்ளும் மனிதர்கள் நாம். ஏட்டுச் சுவடிகள் இருந்த காலத்தில் நம் முன்னோர் புதுப் பிரதி எழுதிக் கொண்டு, பழைய ஏட்டை ஆடிப் பெருக்கில் விட்டு விடுவதுண்டு. அப்படி ஆற்றோடு போன நூல்கள் எத்தனை என்று இனி யாராலும் கணக்கிட முடியாது.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் காந்தார தேசத்துப் பௌத்த பிக்ஷுக்களுக்கும் இதே சங்கடம் வந்திருக்கிறது. அவர்கள் சுவடிகளை ஆற்றில் விடவில்லை. மண்பானையில் வைத்து, மூடி, பூமிக்குள் சேர்த்து விட்டார்கள். அந்தப் பானைகளில் சில 1990-களில் வெளியே வந்தன. அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. பௌத்த நூல்களின் பிறப்பைப் பற்றி அறிஞர்கள் நூறு வருஷமாகச் சொல்லி வந்த சில விஷயங்களை அது மாற்றி எழுத வைத்து விட்டது. அந்தக் கதையில் சந்தோஷப்பட வேண்டியதும் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காந்தாரம் என்றதும் கண்ணைக் கட்டிக் கொண்ட மகாபாரத ராணிதான் நமக்கு நினைவு வருவாள். அவள் பிறந்த சீமை அதுவே. இன்றைய பாகிஸ்தானில் பெஷாவரைச் சுற்றியுள்ள சமவெளி. அதற்கு வடக்கே ஸ்வாத் பள்ளத்தாக்கு. கைபர் கணவாயைத் தாண்டி ஆப்கானிஸ்தானத்தில் ஜலாலாபாத் வரையில் அதன் சாயல் பரவியிருந்தது. இந்தியாவுக்குள் படையெடுத்து வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் வாசற்படி. கிரேக்கர்கள் வந்தார்கள், சகர்கள் வந்தார்கள், குஷாணர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் புத்தர் பிரானின் காலடியில் அமர்ந்து விட்டார்கள். ஜலாலாபாத்துக்குப் பக்கத்தில் ஹட்டா என்ற ஊரில் இருந்த விஹாரத்தில், புத்தரின் பக்கத்தில் வஜ்ராயுதத்துடன் காவல் இருக்கும் வஜ்ரபாணியைச் செய்த சிற்பி, கிரேக்க வீரன் ஹெர்குலிஸின் முகத்தையும் தோற்றத்தையும் அவனுக்குக் கொடுத்திருந்தான். அப்படிப்பட்ட கலப்பு.

அந்தச் சீமையின் பேச்சு மொழி ஒரு வகைப் பிராகிருதம். அதற்குக் 'காந்தாரி' என்று பெயர் சூட்டியவர் ஹரால்ட் பெய்லி என்ற ஆங்கிலேய அறிஞர், ஆண்டு 1946. அதை எழுதிய லிபிக்குக் கரோஷ்டி என்று பெயர். உருது போல வலமிருந்து இடமாக எழுதுவது. அசோகச் சக்கரவர்த்தி தம்முடைய சாஸனங்களை நாடெங்கும் பிராமி லிபியில் வெட்டி வைத்தவர், ஷாபாஸ்கடி, மான்ஸேரா என்ற இரண்டு ஊர்களில் மட்டும் உள்ளூர்க்காரர்களுக்காக அவற்றைக் கரோஷ்டியில் வெட்டினார். கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகு காந்தாரத்தில் அந்த லிபி மெல்ல வழக்கொழிந்தது. பிறகு அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் பூமியில் இல்லை.

அந்தப் பூட்டைத் திறந்த கதையில் ஒரு வேடிக்கையான ஆசாமி வருகிறார். 1827-ஆம் ஆண்டில் ஆக்ராவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தை விட்டு ஓடிப் போன ஜேம்ஸ் லூயிஸ் என்ற சிப்பாய் அவர். சார்லஸ் மாஸன் என்று பெயரை மாற்றிக் கொண்டு, தாம் ஓர் அமெரிக்கர் என்று சொல்லிக் கொண்டு, ஆப்கானிஸ்தானத்தில் அலைந்தார். பட்டாளத்தில் பிடிபட்டால் தண்டனை. ஊரிலோ கொள்ளைக்காரர் பயம். அந்த நிலையிலும் அவருக்குப் பழங்காசுகளின் மேல் தீராத ஆசை. கிரேக்க ராஜாக்கள் வெளியிட்ட காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும், மறு பக்கம் இன்னதென்று தெரியாத எழுத்தும் இருப்பதை அவர் கவனித்தார். இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே ராஜாவின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, மெனாந்தர் முதலிய சில பெயர்களை எழுத்துக்கு எழுத்து பொருத்திக் காட்டினார். பௌத்த நூலில் நாகசேனரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கும் மிலிந்தன் இருக்கிறானே, அவனே இந்த மெனாந்தர். மாஸனின் குறிப்புகள் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்ஸெப் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1830-களில் கரோஷ்டி வாய் திறந்தது.

அதே மாஸன் ஜலாலாபாத்தைச் சுற்றியுள்ள பௌத்த ஸ்தூபிகளைத் தோண்டிய போது, எழுத்துள்ள மரப்பட்டைத் துண்டுகளையும் கண்டார். ஆனால் அவை இற்றுப் போன துணுக்குகள். அவற்றிலிருந்து ஒரு நூலையும் மீட்க முடியவில்லை. ஆக, மண்ணுக்குள் சுவடி இருக்கிறது என்ற தகவல் அன்றே கிடைத்து விட்டது, சுவடிதான் கிடைக்கவில்லை.

நமக்குப் பனையோலை எப்படியோ, ஹிமாலயச் சீமைக்குப் பூர்ஜ மரப்பட்டை அப்படி. பட்டையை மெல்லிய தாளாக உரித்து, மசியினால் எழுதி, பாய் போலச் சுருட்டி வைப்பார்கள். உலர்ந்து விட்டால் அது அப்பளத்தை விட மோசம், தொட்டால் நொறுங்கும். அப்படிப்பட்ட ஒரே ஒரு காந்தாரிச் சுவடி 1892-ல் மத்திய ஆசியாவில் கோட்டான் என்ற இடத்தில் அகப்பட்டது. தம்மபதத்தின் காந்தாரி வடிவம் அது. அதை வாங்கிய பிரெஞ்சுப் பிரயாணி த்யூத்ரேய் த ரான்ஸ் 1894-ல் திபேத்தில் கொலையுண்டார். சுவடியின் ஒரு பகுதி பாரிஸுக்கும், இன்னொரு பகுதி ருஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கும் போயிற்று. இரண்டையும் சேர்த்துச் செம்மையாகப் பதிப்பித்து ஜான் பிரஃப் வெளியிட்டது 1962-ல். ஒரு நூலைக் கண்டெடுத்து முழுதும் படித்து முடிக்க எழுபது வருஷம்! அதற்குப் பிறகும் காந்தாரி மொழிக்கு அந்த ஒரு சுவடிதான் கதி என்றே அறிஞர்கள் இருந்தார்கள்.

1994-ஆம் ஆண்டில் லண்டன் பிரிட்டிஷ் நூல் நிலையத்துக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தர்மவானின் உதவியால், ஐந்து மண்பானைகளும் சில பூர்ஜப் பட்டைச் சுருள்களும் வந்து சேர்ந்தன. மொத்தம் 29 துண்டுகள். அவற்றைப் பிரிப்பதே ஒரு தவம். சுருளுக்கு மெல்ல ஈரப்பதம் ஏற்றி, பட்டை சற்று இளகியதும், கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். 1996-ல் செய்தி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தில் உள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் ரிச்சர்ட் ஸாலமன் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு கோஷ்டி படிக்க உட்கார்ந்தது.

சுவடிகளின் வயதைக் கேட்டு எல்லோரும் வியந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி! இதன் அருமையைத் தெரிந்து கொள்ள ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். வாய்மொழியாக வந்த பாலித் திரிபிடகம் முதன் முதலில் ஏட்டில் எழுதப்பட்டது கி.மு. முதல் நூற்றாண்டில் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த ஏடுகள் எங்கே? ஓலைக்கு உள்ள ஆயுள் சில நூறு வருஷம். இன்று கைக்கு அகப்படும் பாலி ஏடுகளில் பெரும்பாலானவை பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி என்று வழிவழியாக வந்தவை. காந்தாரச் சுருள்களோ, அந்தக் காலத்து மனிதன் தன் கையால் எழுதிய அதே எழுத்து. நடுவில் வேறு கை படவில்லை.

உள்ளே என்ன இருந்தது? சூத்திரங்கள் இருந்தன, உரைகள் இருந்தன, தம்மபதப் பாட்டுகள் இருந்தன. துறவி தனித்துத் திரிய வேண்டும் என்று உபதேசிக்கும் பழைய பாட்டு ஒன்று உண்டு. காண்டாமிருகத்தை உவமையாகச் சொல்வது. பாலியிலும் ஸம்ஸ்கிருதத்திலும் முன்பே தெரிந்திருந்த அந்தப் பாட்டு காந்தாரியிலும் கிடைத்தது. ஸாலமன் அதை 2000-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன் உவமையைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் ஒரு வழக்கு: துறவி தனியே திரிய வேண்டியது காண்டாமிருகத்தைப் போலவா, அல்லது அதன் ஒற்றைக் கொம்பைப் போலவா? மூலச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இந்த வழக்கில் வாதி பிரதிவாதி இருவரும் ஓயவில்லை. காண்டாமிருகம் மட்டும் இதையெல்லாம் லட்சியம் செய்யாமல் தனியே திரிகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் குவியலில் மிகவும் பிடித்துப் போகிறவர் ஒருவர் உண்டு. அவருடைய பெயர் தெரியாது. யாரோ எழுதிய சுருள்களில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் தம் கதைகளைக் குறித்து வைத்தவர் அவர். முற்பிறவிக் கதைகள், அவதானக் கதைகள் என்று பல. அவற்றைக் 'கதைகள்' என்பதை விடக் கதைக் குறிப்புகள் என்பதே பொருத்தம். கேட்டவர்க்கெல்லாம் தானம் கொடுத்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையும் கொடுத்து விட்ட ராஜகுமாரனின் கதை பௌத்த உலகமெங்கும் பிரசித்தம். விடிய விடியச் சொல்லலாம், கேட்பவர் அழுது தீர்க்கலாம். நம் ஆசாமி அதைச் சில வரிகளில் முடித்து விடுகிறார். இடையில் 'விஸ்தாரமாக' என்று ஒரு சொல்! அதாவது, இந்த இடத்தில் விரித்துச் சொல்லிக் கொள்ள வேண்டியது. சொல் நமக்கும் பழக்கமானதே. ஹரிகதை சொல்லும் பாகவதர் சிறிய நோட்டுப் புஸ்தகத்தில் 'இங்கே குசேலர், இங்கே பாட்டு' என்று குறித்துக் கொள்வதைப் போல. குறிப்பு ஏட்டில், கதை நாக்கில்.

அவர் உள்ளூர் வாசனை தெரிந்தவர். ஜிஹோணிகன், அஸ்பவர்மன் என்று தம் காலத்தை ஒட்டிய சகர் குலத்து அதிகாரிகளையும் கதைக்குள் கொண்டு வந்து விட்டார். பழங்காசுகளிலிருந்து அவர்களுடைய காலம் முன்பே தெரியும். அதனால்தான் சுவடிகளின் காலத்தைக் கணிக்க முடிந்தது. கதையில் ஊர்ப் பெரிய மனிதர் பெயரைச் சேர்த்துச் சபையைக் கலகலப்பாக்கும் தந்திரம் ஆராய்ச்சிக்கு இவ்வளவு உதவும் என்று அவர் கனவு கண்டிருக்க மாட்டார்.

இந்தக் கதைக் குறிப்புகளுக்கு நடுவே, வேறு கையால் ஒரு சொல் அங்கங்கே எழுதப்பட்டிருந்தது: 'லிகிதகோ'. நம் பாட்டனார் காலத்தில் கடிதத்தை 'லிகிதம்' என்றார்களே, அதே வேர். பொருள், 'எழுதியாயிற்று'.

எதை எழுதியாயிற்று? ஸாலமன் முதலில் சொன்ன விளக்கம் இது: பழைய சுருள் கிழிந்து நைந்து போனதால் புதிதாகப் பிரதி எடுத்தார்கள். எடுத்து முடித்த ஒவ்வொரு பகுதியின் மேலும் 'எழுதியாயிற்று' என்று அடையாளமிட்டார்கள். வேலை முடிந்த பழைய சுருளை எறிய மனமின்றிப் பானையில் இட்டுப் புதைத்தார்கள். விளக்கம் சரியானால், இதிலே எவ்வளவு பெரிய விந்தை இருக்கிறது பாருங்கள்! பிரதி எடுத்தவர் பத்திரம் என்று நம்பி விஹாரத்தின் அலமாரியில் வைத்தது புதுச் சுவடியை. அது அலமாரியோடும் விஹாரத்தோடும் போய் விட்டது. 'இனி இது வேண்டாம்' என்று மண்ணுக்குக் கொடுத்தது மட்டும் மிஞ்சியது.

இந்த விளக்கத்தோடு அறிஞர்கள் நிற்கவில்லை. வேறொரு பானை புதுக் கேள்வியை எழுப்பியது. ஓர் ஆங்கிலேயரிடம் இருந்த அந்தப் பானையில் 24 சுருள்கள். எல்லாம் ஒரே கை எழுத்து. அதிகம் புழங்கித் தேய்ந்த அடையாளம் இல்லை. பானையின் மேல் ஒரு சாஸனம்: பன்னிரண்டாம் ஆண்டு, அவதுநக மாதம், ஐந்தாம் நாள், தாய் தந்தையரையும் எல்லா ஜீவன்களையும் பூஜிப்பதற்காக ஸ்தாபிக்கப்பட்டது. மூடியின் மேல் எழுதியிருப்பது ரோஹணன் என்பவனின் தானம் என்று. அந்த மாதத்தின் பெயர் கிரேக்கர்கள் கொண்டு வந்த மாஸிடோனியப் பஞ்சாங்கத்தில் உள்ளது. ஆண்டுக் கணக்கு கனிஷ்கருடையது என்று கொண்டால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. புத்தருடைய அஸ்தியை ஸ்தூபியில் வைக்கும் போது எந்தச் சொல்லைப் பொறிப்பார்களோ, அதே முறையில் 'ஸ்தாபித்தேன்' என்று பானையில் எழுதி வைத்திருக்கிறான் ரோஹணன். அப்படியானால் குப்பையைக் கழிப்பது போலவா புதைத்தார்கள்? புத்தருடைய எலும்பு ஒரு தாது. அவருடைய வாக்கும் ஒரு தாது. உடம்புக்கு என்ன மரியாதையோ அதுவே வாக்குக்கும். பழைய சுவடியானாலும், புதைப்பதற்கென்றே எழுதியதானாலும், பானைக்குள் போனது பூஜைக்குரிய பொருளாகத்தான். ஸாலமனும் தம் முதற் கருத்தை இந்தத் திசையில் விரித்துக் கொண்டார். ஒரு பானையின் மேல் இருந்த இரண்டு வரி, ஆராய்ச்சியை எங்கே திருப்பி விட்டது என்று கவனியுங்கள். இதைப் பின்னால் நினைவுபடுத்துவேன்.

பிறகு சுவடிகள் வரிசையாக வந்தன. 1999-ல் பாகிஸ்தானின் திர், பஜாவுர் எல்லையில் ஒரு பாழடைந்த விஹாரத்திலிருந்து ஏறக்குறைய இருபது சுருள்கள் கிடைத்தன. பெஷாவர் சர்வகலாசாலைப் பேராசிரியர் நஸீம் கானும் ஜெர்மன் அறிஞர் இங்கோ ஷ்ட்ரௌஹும் அவற்றை ஆராய்ந்தார்கள். சூத்திரங்களுக்கு நடுவே கடன் பத்திரம் ஒன்றும் இருந்தது! உலகத்தைத் துறந்தவர்களையும் வட்டி விடவில்லை போலும். வேறொரு தொகுதி, வாங்கியவர்களுக்குள் பங்கு பிரிந்து போனதால், 'பிரிந்த தொகுதி' என்றே பெயர் பெற்றது. அதில் பிரக்ஞாபாரமிதையின் ஒரு பகுதி இருந்தது. கார்பன் சோதனை அதைக் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் வைக்கிறது. மகாயானத்தின் ஆதாரமான அந்த நூலை லோகக்ஷேமர் என்ற பிக்ஷு சீன பாஷையில் மொழிபெயர்த்தது கி.பி. 179-ல். அதற்கு முந்திய காலத்து மகாயானத்தைப் பற்றி அதுவரை ஊகம்தான் செய்ய முடிந்தது. இப்போது மூலச் சுவடியே கையில் இருக்கிறது. 2012-ல் ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில் இவற்றுக்கென்றே நீண்ட காலத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

அறிஞர்கள் மாற்றிக் கொண்ட கருத்து என்ன? பாலியில் உள்ளதே புத்தர் வாக்கின் மூலம், மற்றவை அதன் திரிபுகள் என்று ஒரு சாரார் நெடுநாள் சொல்லி வந்தார்கள். ஸம்ஸ்கிருதத்துக்காக வாதாடியவர்களும் உண்டு. காந்தாரச் சுருள்கள், அவ்வளவு ஆரம்ப காலத்திலேயே ஒரே சூத்திரம் தேசத்துக்கொரு வடிவமாக வழங்கியது என்பதைக் காட்டி விட்டன. சில இடங்களில் அவை பாலிக்கு நெருங்குகின்றன; சில இடங்களில் சீன மொழிபெயர்ப்புக்கு நெருங்குகின்றன; சில இடங்களில் யாரோடும் சேராமல் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் தாயான ஒரே ஏடு என்று ஒன்றைத் தேடுவது வீண். அவரவர் பாஷையிலேயே தர்மத்தைக் கற்கலாம் என்று புத்தர் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. சீடர்கள் அதைக் கேட்டார்கள் என்பதற்கு மண்ணிலிருந்தே அத்தாட்சி வந்து விட்டது.

இதுவரை சந்தோஷம். இனி வெட்கம்.

இந்தச் சுவடிகளில் பெரும்பாலானவை அகழ்வாராய்ச்சி அதிகாரியின் கரண்டியால் வெளிவந்தவை அல்ல. 1979-ல் ஸோவியத் படை ஆப்கானிஸ்தானத்தில் நுழைந்தது முதல் அந்தத் தேசத்தில் அமைதி என்பது இல்லை. ஹட்டாவில் தோண்டியெடுத்துக் காத்து வைத்திருந்த விஹாரமும் அதன் சிற்பங்களும் போரில் நாசமாயின. 1990-களில் காபூல் பொருட்காட்சிசாலை சூறையாடப்பட்டது. 2001 மார்ச்சில் பாமியானின் பெரிய புத்தர் சிலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள்; அதை உலகமே பார்த்தது. யாரும் பார்க்காமல் நடந்தது இன்னொன்று. வயிற்றுக்கில்லாதவனும் வியாபாரியும் சேர்ந்து இரவோடு இரவாக மேடுகளைத் தோண்டினார்கள். அகப்பட்டது கை மாறி, எல்லை தாண்டி, பெஷாவர் கடைவீதிக்கு வந்து, அங்கிருந்து மேனாட்டுச் செல்வர்களின் கைக்குப் போயிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூல் நிலையம் 2003-ல் வாங்கிய ஒரு சுருள், சாதாரணப் பேனாப் பெட்டி ஒன்றுக்குள் அடைக்கப்பட்டு வந்தது. கௌதமருக்கு முன் தோன்றிய பதின்மூன்று புத்தர்கள், கௌதமர், இனி வரப் போகும் மைத்ரேயர் ஆகப் பதினைந்து பேரின் சரித்திரம் ஒரு பேனாப் பெட்டிக்குள்! அதை விரிப்பதற்கு முன்னால், பழுது பார்க்கும் அம்மாள் உலர்ந்த சுருட்டு ஒன்றைப் பிரித்துப் பழகிக் கொண்டாராம். 2019-ல் அதன் படங்களை யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் தவறிப் போன சிறு குழந்தை தன் பெயரைச் சொல்லும். ஊரைக் கேட்டால் விழிக்கும். இந்தச் சுவடிகளும் அப்படியே. பிரிட்டிஷ் நூல் நிலையத்துச் சுருள்கள் ஹட்டாப் பக்கத்தவை என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். பானை ஒன்றில் தர்மகுப்தர் என்ற பிரிவினரின் பெயர் இருப்பதும் துணை செய்கிறது. எந்த விஹாரம், எந்த அறை, ஸ்தூபிக்கு எந்தத் திசை, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பதையெல்லாம் தோண்டியவன் மண்ணோடு கலைத்து விட்டான். ரோஹணனின் பானை மேல் இருந்த இரண்டு வரி எவ்வளவு சொல்லிற்று என்று முன்பு பார்த்தோம். அப்படி எத்தனை பானைகள் உடைந்து, 'ஓடுதானே' என்று எறியப்பட்டனவோ!

ஆகவே அறிஞர்களுக்குள்ளேயே ஒரு சண்டை. திருட்டு வழியில் வந்ததைப் படித்து வெளியிட்டால் அதன் விலை ஏறும். விலை ஏறினால் இன்னும் பத்துப் பேர் மண்வெட்டியோடு கிளம்புவார்கள் என்கிறது ஒரு கட்சி. இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று விதி வைத்திருக்கும் அகழ்வாராய்ச்சிப் பத்திரிகைகளும் உண்டு. 2004-ல் நார்வே தேசத்துத் தொலைக்காட்சி, அந்நாட்டுச் செல்வர் ஒருவரின் புகழ் பெற்ற சுவடித் தொகுதி வந்த வழியைத் துருவிக் கேட்டு ஒரு படம் காட்டியது; பெரிய சர்ச்சை கிளம்பிற்று. படிக்காமல் விட்டால் சுவடி உதிர்ந்து போகுமே, இரண்டாயிரம் வருஷம் காத்திருந்த வாக்கு நம் காலத்தில் சாகலாமா என்கிறது மறு கட்சி.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டை காத்திருக்காது. காற்றுப் பட்ட நாள் முதல் அது உதிர்ந்து கொண்டே இருக்கிறது. குழந்தை தவறிய விதம் சரியில்லை என்பதற்காக அதற்குச் சோறு போடாமல் இருக்க முடியாது. படிக்கத்தான் வேண்டும். படிக்கிற ஒவ்வொருவரும், அது வந்த வழியை மறைக்காமல் எழுதவும் வேண்டும். அது எந்த மண்ணுக்கு உரியது என்பதை மறக்காமல் இருக்கவும் வேண்டும். வாங்குகிறவரின் தர்மத்தைப் பாராட்டும் போது, அந்தப் பணத்தின் மறு முனை எந்தக் குழியில் முடிந்தது என்றும் கேட்க வேண்டும்.

பெயர் தெரியாத அந்தக் கதைசொல்லியை மறுபடி நினைத்துக் கொள்கிறேன். கதையின் எலும்பை மட்டும் ஏட்டில் வைத்து, 'விஸ்தாரமாக' என்ற ஒரு சொல்லை நம்பி மற்றதை நாக்குக்கு விட்டார் அவர். அந்த நாக்கு அவரோடு போயிற்று. அது இயற்கை, அதற்காக யாரையும் நொந்து கொள்ள முடியாது. பானையைச் சுற்றியிருந்த மண்ணும் ஒரு விஸ்தாரம்தான். அது இரண்டாயிரம் வருஷம் பொறுமையாக இருந்து, நம் தலைமுறையில், சில ராத்திரிகளில் அழிந்தது. இன்னும் காந்தார மேடுகளில் திறக்காத பானைகள் இருக்கக் கூடும். அடுத்த பானை மண்வெட்டிக்காரன் கையில் அகப்படாமல், அளவு நாடாவும் பென்சிலும் வைத்திருப்பவர் கையில் அகப்படட்டும். அப்போதாவது குறிப்போடு கூட விஸ்தாரமும் நமக்குக் கிடைக்கும்.